மின்சாரக் காருக்கு சார்ஜ் ஏற்றுவது எப்படி: புதியவர்கள் முதலில் கைவிட வேண்டிய எண்ணங்கள்

மின்சாரக் கார் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் படும் கவலைகளில் பெரும்பாலானவை காரால் வருவதில்லை. பெட்ரோல் வண்டியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் நாம் கூடவே கொண்டுவரும் பழக்கங்களால் வருகின்றன. "பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, எங்காவது நிறுத்தி நிரப்பிவிட வேண்டும்" என்பது பெட்ரோல் பங்க் கற்றுக்கொடுத்தது. "இரவு முழுவதும் சார்ஜில் போட்டால் பேட்டரி கெட்டுவிடும்" என்பது பழைய கைப்பேசி கற்றுக்கொடுத்தது. இரண்டும் இந்த வண்டிக்குப் பொருந்தாது. முதல் சில இரவுகளில் எழுந்து போய் கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தவன் நான். அந்தப் பதற்றம் எப்படிப்பட்டது என்று தெரிந்ததால்தான், எதை எந்த வரிசையில் தெரிந்துகொண்டால் அது அடங்கும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் ஒரு நாள் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

கணக்குக்கு முன் ஒரு சொல் விளக்கம். கிலோவாட் என்பது வேகம், கிலோவாட் மணி என்பது அளவு. குழாயில் தண்ணீர் விழும் வேகம் முதலாவது, குடத்தில் சேர்ந்த தண்ணீர் இரண்டாவது. மின் கட்டண ரசீதில் பலரும் யூனிட் என்று பார்த்துப் பழகியது இந்தக் கிலோவாட் மணிதான். "60 கிலோவாட் மணி பேட்டரி" என்றால் 60 யூனிட் கொள்ளும் குடம் என்று பொருள். "50 கிலோவாட் சார்ஜர்" என்றால் அதன் குழாய் அவ்வளவு பெரியது என்று பொருள். இந்த இரண்டும் குழம்பினால் பின்னால் வரும் எல்லாமே குழம்பும்.

நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 15 முதல் 20 யூனிட் எடுக்கும். ஒரு வாரம் உங்கள் ஓட்டத்தைக் குறித்துவையுங்கள். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் என்று வந்தால், உங்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது 6 முதல் 8 யூனிட் மட்டுமே. 60 யூனிட் குடத்தில் தினமும் குறைவது இவ்வளவுதான்.

இப்போது வீட்டுச் சுவரைப் பாருங்கள். 230 வோல்ட் மின்சாரம் வரும் நாடுகளில், காரோடு தரப்படும் சாதாரண கேபிள் 10 ஆம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட் கிடைக்கும் (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், ஆயிரம் வாட் ஒரு கிலோவாட்). எட்டு மணி நேரத்தில் 18 யூனிட்டுக்குச் சற்று மேல். வழியில் ஆகும் இழப்பைக் கழித்தால் பேட்டரியில் சேர்வது 16 யூனிட் அளவில் இருக்கும். அது 80 முதல் 100 கிலோமீட்டருக்குப் போதும். 120 வோல்ட் பிளக்கிலிருந்து 12 ஆம்பியர் எடுக்கும் வட அமெரிக்க வீடுகளில் இதில் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும். 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அதுவே ஈடுகொடுத்துவிடும்.

"வீட்டில் பெரிய சார்ஜர் பொருத்தாமல் மின்சாரக் கார் வாங்கவே முடியாது" என்ற எண்ணம் இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. "காலியிலிருந்து முழுவதும் நிரம்ப 24 மணி நேரத்துக்கு மேல் ஆகுமாமே" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். ஆமாம், சாதாரண பிளக்கில் அவ்வளவு ஆகும். ஆனால் காலியிலிருந்து முழுவதும் நிரப்ப வேண்டிய நாள் வீட்டில் அரிதாகவே வரும். கேபிளை மாட்ட உங்களுக்குப் பிடிப்பது அரை நிமிடம். மீதி நேரம் கார் நிற்கும் நேரம், நீங்கள் தூங்கும் நேரம்.

இரண்டாம் படி: காரின் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் எண். 22 கிலோவாட் கம்பத்தில் மாட்டிவிட்டு, ஏழு கிலோவாட்தான் ஏறுகிறது, இயந்திரம் பழுது என்று கோபப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தில் பழுதில்லை. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கார்தான். சார்ஜர் தன்னால் முடிந்த அளவுக்குள் அதைத் தருகிறது, அவ்வளவே.

பேட்டரிக்குள் போக வேண்டியது டிசி, அதாவது நேர்மின்னோட்டம். வீட்டுக்கு வருவது ஏசி, மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சரியாகச் சொன்னால் "சார்ஜர்" என்ற பெயர் அதற்குத்தான் உரியது. சுவரில் மாட்டும் பெட்டி, பாதுகாப்போடு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு சுவிட்ச் போன்றது. காருக்குள் இருக்கும் கருவியின் திறன் 7.4 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் ஏசி கம்பத்தில் மாட்டினாலும் 7.4 தான் ஏறும். இது உங்கள் முதல் எண்.

நெடுஞ்சாலையில் பார்க்கும் பெரிய டிசி வேக சார்ஜர்களில் அந்த மாற்றம் வெளியிலேயே நடந்துவிடுகிறது. காருக்குள் உள்ள கருவியைத் தாண்டி மின்சாரம் நேரே பேட்டரிக்குப் போகிறது. அங்கே கட்டுப்பாடு பேட்டரியின் தாங்கும் திறன். உங்கள் கார் அதிகபட்சம் 120 கிலோவாட் வாங்கும் என்றால், 150 கிலோவாட் நிலையமும் 350 கிலோவாட் நிலையமும் உங்களுக்கு ஒன்றுதான். இது இரண்டாவது எண்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 350 கிலோவாட் என்று எழுதிய இயந்திரத்தின் கேபிள் பெரும்பாலும் 500 ஆம்பியர் வரை தரும். 400 வோல்ட் பேட்டரி உள்ள காருக்கு 500 ஆம்பியர் தந்தாலும் 200 கிலோவாட்தான் ஆகிறது. எழுதியிருக்கும் எண்ணை எட்ட 800 வோல்ட் வகைக் கார் வேண்டும். கார் வாங்கும் முன் விளம்பரத்தில் உள்ள பெரிய எண்ணைவிட, "10 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை எத்தனை நிமிடம்" என்று கேளுங்கள். பயணத்தில் நீங்கள் காத்திருக்கப் போகும் நேரம் அதுதான்.

இந்த இரண்டு எண்களோடு, உங்கள் காரின் இணைப்பு எந்த வகை என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஏசிக்கான டைப் 2, அதன் கீழே இரண்டு பெரிய டிசி முனைகள் சேர்ந்த சிசிஎஸ்2, ஜப்பானில் உருவான சாடெமோ, சீனாவின் ஜிபி/டி, டெஸ்லா வடிவமைத்து இப்போது மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டுள்ள என்ஏசிஎஸ் எனப் பல வகைகள் உள்ளன. எந்தச் சார்ஜரும் எந்தக் காருக்கும் பொருந்தும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

மூன்றாம் படி: வீட்டு மின் இணைப்பைச் சோதியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். இந்தக் கட்டுரையில் உண்மையான ஆபத்து உள்ள இடம் இதுதான். மழையையும் இரவையும் கண்டு பயப்படுகிறவர்கள் பழைய பிளக்கைக் கண்டு பயப்படுவதில்லை. அது தலைகீழான பயம்.

இஸ்திரிப் பெட்டியும் தண்ணீர் சூடாக்கும் கருவியும் அதிக மின்சாரம் இழுப்பவைதான். ஆனால் அவை சில நிமிடங்கள் இழுத்துவிட்டு நின்றுவிடும். கார் எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். தளர்ந்த திருகு, மெலிந்த கம்பி, கறுத்துப்போன சாக்கெட் ஆகியவை இஸ்திரிப் பெட்டிக்குத் தாங்கும். காருக்குத் தாங்காமல் உருகலாம், தீப்பிடிக்கலாம்.

நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்று தனி இணைப்பு இருக்கிறதா? கம்பியின் தடிமன் அந்த ஆம்பியருக்கு ஏற்றதா? எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா, அளந்து பார்த்தாரா? கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா? எர்த் சரியில்லாவிட்டால் பல கார்கள் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். அப்போது "எர்த்தை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். உங்களைக் காப்பாற்றத்தான் கார் மறுக்கிறது.

கசிவைத் துண்டிக்கும் கருவியிலும் ஒரு வேறுபாடு உண்டு. காரிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் வீட்டில் உள்ள சாதாரணக் கருவி அதை உணராமல் போகலாம். அதனால் 6 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டக் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு, சுவர்ப் பெட்டிக்குள்ளோ மீட்டர் பலகையிலோ இருக்க வேண்டும். சுவர்ப் பெட்டி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

நீட்டிப்பு வயர் வேண்டாம். சுருட்டிவைத்த வயர் வேண்டவே வேண்டாம், சுருளுக்குள் வெப்பம் தங்கி உறை உருகிவிடும். முதல் நாள் மாட்டிய அரை மணி நேரம் கழித்து பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, ஆளை அழைத்துச் சரிசெய்யும் வரை அங்கே மாட்டாதீர்கள். காரின் திரையில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். இணைப்பின் மேல் சந்தேகம் இருக்கும்போது 10 என்பதை 8 அல்லது 6 ஆக்கிக்கொள்வது நல்லது.

ஒரு நாளில் 150, 200 கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கும், இரவில் சில மணி நேரம் மட்டும் கட்டணம் குறையும் ஊர்களில் இருப்பவர்களுக்கும் 32 ஆம்பியர் சுவர்ப் பெட்டி உண்மையிலேயே உதவும். 7.4 கிலோவாட்டில் எட்டு மணி நேரம் என்றால் ஏறக்குறைய 59 யூனிட். மற்றவர்கள் முதல் இரண்டு மாதம் சாதாரண இணைப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நான்காம் படி: எத்தனை விழுக்காடு என்று அமைத்துவையுங்கள்

"முழுவதும் தீர்ந்த பிறகு முழுவதும் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி மறந்துவிடும்" என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் குணம். இன்றைய கார்களில் இருப்பது லித்தியம் அயன். அதற்கு நினைவுக் கோளாறு என்று கவலைப்பட ஒன்றுமில்லை. அடிமட்டம் வரை இறக்கி உச்சி வரை ஏற்றுவதுதான் அதற்குச் சுமை. 50 லிருந்து 70, மறுநாள் மீண்டும் 50 லிருந்து 70 என்று சிறிது சிறிதாக ஏற்றுவது அதற்கு இதமானது. தினமும் மாட்டலாம்.

இரவு முழுவதும் மாட்டியிருந்தால் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்ற பயமும் தேவையற்றது. நீங்கள் அமைத்த அளவு வந்ததும் கார் தானே நிறுத்திக்கொள்ளும். கேபிள் மாட்டியிருப்பதும் மின்சாரம் ஓடுவதும் ஒன்றல்ல.

பிறகு எல்லோரும் சொல்லும் அந்த 80 விழுக்காடு. இங்கே பாதி உண்மை இருக்கிறது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த பேட்டரிகள் உச்சியில் நிறைந்த நிலையில், அதுவும் வெப்பத்தில், நாட்கணக்கில் நின்றால் சற்று வேகமாக முதுமை அடையும். அவற்றுக்கு அன்றாடம் 80 நல்ல எல்லை. ஆனால் இரும்பு பாஸ்பேட் வகை, அதாவது எல்எஃப்பி பேட்டரிகளுக்குப் பல நிறுவனங்கள் வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றச் சொல்கின்றன. அந்த வகையில் மின்னழுத்தம் நடுப்பகுதி முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அதனால் மீதி எவ்வளவு என்று கணிக்கும் கருவி நாளடைவில் தடுமாறும். முழுவதும் ஏற்றினால்தான் அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். இதை அறியாமல் எல்எஃப்பி காரை மாதக்கணக்கில் 80 இலேயே நிறுத்தி வைத்துவிட்டு, 15 விழுக்காடு காட்டியது சட்டென்று குறைகிறதே என்று தவிப்பவர்கள் உண்டு. உங்கள் காரில் எந்த வகை என்பதைக் கையேட்டில் பாருங்கள். அண்டை வீட்டுக்காரர் சொல்வதைவிட அந்தக் கையேடு சொல்வதே உங்கள் காருக்குச் சரி.

நீண்ட பயணத்துக்கு முன்னால் எந்த வகை பேட்டரியையும் 100 வரை ஏற்றலாம், தயங்க வேண்டாம். புறப்படும் நேரத்தைக் காரில் அமைத்துவிட்டால் அதற்குச் சற்று முன் நிரம்பி முடியும். நிறைந்த நிலையில் வெறுமனே நிற்கும் நேரம் குறைகிறது. ஒன்று நினைவிருக்கட்டும். முழுவதும் நிரம்பிய பேட்டரியில் பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது. மலைப் பாதையில் இறங்கிக் கிளம்புகிறவர்களுக்கு கால் எடுத்ததும் கார் வழக்கம்போல் வேகம் குறையாது, முதல் சில கிலோமீட்டர் அதற்கேற்ப ஓட்ட வேண்டும்.

வாரக்கணக்கில் காரை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால் 50 விழுக்காடு அளவில் நிறுத்துங்கள்.

வேக சார்ஜர் பேட்டரியைக் கொன்றுவிடும் என்பதும் மிகைப்படுத்தல். வெப்பமும், குளிரில் மிகுந்த வேகமும் பேட்டரிக்குக் கெடுதல் என்பது உண்மை. அதனால்தான் கார் தன் வெப்பநிலையைப் பார்த்து வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பயணங்களில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வீட்டில் ஏற்ற வசதி இருந்தும் தினமும் அதையே நாடுவதுதான் தேவையற்றது. பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்தியதோ அதுவரை, 70 விழுக்காடு கொள்ளளவுக்கு உத்தரவாதம் தருகின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிடுங்கள், கவலையில் பாதி போய்விடும்.

ஐந்தாம் படி: பொது நிலையத்தில் எப்படி நடந்துகொள்வது

10 முதல் 20 விழுக்காடு மீதி இருக்கும்போது போய்ச் சேருமாறு திட்டமிடுங்கள். பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் வேகமாக வாங்கும். 70 விழுக்காட்டோடு போய் வேகம் வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. குடம் நிறைய நிறையக் குழாயைத் திருகிக் குறைப்பது போல, பேட்டரி நிரம்பும்போது கார் மின்னோட்டத்தைக் குறைக்கிறது. குறைக்காவிட்டால் லித்தியம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் மின்முனையின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். ஆகவே 80 க்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு விழுக்காடும் நேரத்தை விழுங்கும். பெரும்பாலும், 80 இல் கிளம்பி அடுத்த நிலையத்தில் மீண்டும் நிறுத்துவது மொத்தப் பயண நேரத்தைக் குறைக்கும். அடுத்த நிலையம் வெகு தொலைவில் என்றால் மட்டும் காத்திருங்கள்.

எதிர்பார்க்கும் நேரத்தை மனக்கணக்காகவே போடலாம். 60 யூனிட் பேட்டரியில் 10 லிருந்து 80 வரை என்றால் 42 யூனிட். சராசரியாக 80 கிலோவாட் கிடைத்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பக்கத்தில் இன்னொரு கார் அதே இயந்திரத்தில் மாட்டியிருந்தால் சில இயந்திரங்கள் மின்சாரத்தை இருவருக்கும் பங்கிடும். வேறு பெட்டி காலியாக இருந்தால் அங்கே போங்கள்.

செய்முறை எளிது. செயலியிலோ அட்டையிலோ தொடங்கும் வழியைப் பார்த்துவிட்டு, சார்ஜிங் கன்னை, அதாவது கேபிளின் முனையில் உள்ள கைப்பிடி இணைப்பை, 'கிளிக்' என்று பூட்டும் வரை அழுத்தி மாட்டுங்கள். கேபிளின் கனம் கீழே இழுப்பதால் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் பிழை காட்டுவது அடிக்கடி நடக்கும். ஒரு கையால் தாங்கிப் பிடித்து மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முடிந்ததும் திரையில் நிறுத்துங்கள், காரைத் திறவுகோலால் திறங்கள், பிறகு உருவுங்கள். கார் பூட்டியிருக்கும்போது கேபிளும் பூட்டியே இருக்கும், பலம் கொண்டு இழுக்காதீர்கள். சிவப்புப் பொத்தான் ஆபத்துக்கு மட்டும். அதை அழுத்தினால் அந்த இயந்திரம் முழுவதும் நின்றுபோய், அடுத்து வருபவர் ஆளில்லாத இடத்தில் தவிக்க நேரலாம்.

ஏறி முடிந்ததும் காரை நகர்த்திவிடுங்கள். பல நிலையங்களில் அதன் பிறகு நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. கட்டணம் இல்லாத இடத்திலும் நகர்த்துங்கள், பின்னால் காத்திருப்பவரிடம் ஐந்து விழுக்காடுதான் மீதி இருக்கக்கூடும்.

மழை, குளிர், வெயில்

மழையில் சார்ஜ் ஏற்றலாம். கன்னை மாட்டியதும் முதலில் எர்த் முனை தொடும், தகவல் பேசும் முனை கடைசியில் தொடும். காரும் சார்ஜரும் ஒன்றையொன்று அறிந்து சரி என்று சொன்ன பிறகே மின்சாரம் வரும். கழற்றும்போது தகவல் முனை முதலில் விலகுவதால், மற்றவை விலகும் முன்பே மின்சாரம் நின்றுவிடும். வெறும் கையில் பிடித்த கன்னின் முனைகளில் மின்சாரம் இருக்காது. உடைந்த கன், கிழிந்த கேபிள், வெள்ளம் தேங்கிய இடம் ஆகியவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

குளிர் வேறு விஷயம். உறைபனிக் காலையில் பேட்டரி மந்தமாகவே வாங்கும். காரின் வழிகாட்டித் திரையில் சார்ஜிங் நிலையத்தையே சேருமிடமாகக் கொடுத்தால், பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயார் செய்துகொள்ளும். கடும் வெயிலில் முடிந்தால் நிழலில் ஏற்றுங்கள். கேபிள் மாட்டியிருக்கும்போதே காருக்குள் குளிரூட்டியையோ சூட்டையோ போட்டுவிட்டுக் கிளம்பினால் அந்தச் செலவு பேட்டரியிலிருந்து போகாது.

கடைசிப் படி: தேவைப்படாத நாளில் ஒத்திகை பாருங்கள்

முதல் நீண்ட பயணத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில், 40 விழுக்காடு மீதி இருக்கும்போது, அருகில் உள்ள வேக சார்ஜிங் நிலையத்துக்குப் போங்கள். செயலியில் கணக்குத் தொடங்குவது, பணம் செலுத்துவது, கன்னை மாட்டுவது, பிழை வந்தால் மறுபடி தொடங்குவது எல்லாவற்றையும் அவசரமில்லாமல் செய்து பாருங்கள். பத்து நிமிடம் ஏற்றிவிட்டு, எத்தனை கிலோவாட் வந்தது, எத்தனை யூனிட் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள மற்ற ஓட்டுநரையும் கூட்டிப்போய் அவர் கையாலேயே மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு பயணப் பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மாற்றாக இன்னொரு நிலையத்தைத் தேர்ந்து, இரண்டையும் காரின் திரையில் சேமித்துவையுங்கள்.